மேசைக் கீரையும் உன் மாமன் கையும்

என் சாமி,

உனக்குக் காது குத்தி இன்னும் ஒரு வாரம்கூட ஆகவில்லை. ஒருக்களித்துப் படுத்தால் வலிக்கிறது என்று மல்லாந்து தூங்குகிறாய். காதுமடலில் தொட்டு வைத்த மஞ்சளும் தேங்காயெண்ணெயும் தலையணை உறையெல்லாம் அப்பியிருக்கின்றன. பாத்திரம் கழுவி, நாளைக்கு உன் பள்ளிக்கூடப் பையை எடுத்து வைத்து, உன் அப்பாவும் படுத்த பிறகுதான் எனக்கு எழுத உட்கார முடிகிறது. இதை நீ படிக்கும்போது உனக்கு மீசை முளைத்து, என்னைவிட ஒரு சாண் உயரமாகி, ஏதோ ஒரு ஊரில் வேலையிலோ படிப்பிலோ இருப்பாய். நான் இப்போது பேசுவது இங்கே தூங்குகிற நாலு வயதுப் பிள்ளையிடம் இல்லை, அந்த வளர்ந்தவனிடம்.

எதற்காக இவ்வளவு முன்கூட்டியே என்று கேட்பாய். நம் சொந்தக்காரர்கள் கதை சொல்லாமல் விடமாட்டார்கள். ஏதாவது கல்யாண வீட்டில், சாப்பிட்டு வெற்றிலை போட்டு உட்கார்ந்திருக்கும்போது யாராவது உன்னைக் கூப்பிட்டு, "ஏலே, ஒனக்குத் தெரியுமா, ஒங்க மாமன் ஒனக்கு மருந்து வச்சுக் கொல்லப் பாத்தான்" என்று சிரிப்பார்கள். அப்பா வழி ஆட்கள் இருந்தால், "எல்லாம் ஒங்கம்மா இங்கிலீசுக் கீரை வளத்ததுல வந்த வினை" என்பார்கள். இரண்டும் வேடிக்கைக்குச் சொல்வதுதான். ஆனாலும் ஒரு கதையைச் சிரித்துச் சிரித்துச் சொன்னால் அது அப்படியே தங்கிவிடும். உனக்கு இருக்கிற ஒரே தாய்மாமன் அவன். அவனை நீ எப்படி வைத்துக்கொள்ளப் போகிறாய் என்பதுதான் எனக்கு இப்போது கவலை. அதனால் நடந்ததை நடந்தபடி என் வாயால் கேட்டுவிடு.

நான் பயந்த சுபாவம். நீ பிறந்த பிறகு அது இன்னும் கூடிப்போனது. காய்கறி வாங்கினால் உப்பும் மஞ்சளும் கரைத்த தண்ணீரில் ஊறப்போட்டு, பிறகு புளித்தண்ணீரில் அலசி, அதற்கும் பிறகு மூன்றாவது தண்ணீர் விடுவேன். உன் அப்பா வங்கியிலிருந்து வந்து சமையலறையில் எட்டிப் பார்த்துவிட்டு, "தக்காளிக்குத் தீட்டுக் கழிக்கிறாயா?" என்பார். அவருக்கு என்ன தெரியும், அவர் ஆண்டிபட்டிப் பக்கம், வானம் பார்த்த காட்டில் கம்பும் சோளமும் பார்த்து வளர்ந்தவர். நான் சுருளிப்பட்டிக்காரி, திராட்சைப் பந்தலுக்குக் கீழே வளர்ந்தவள். மருந்தடிக்கிற நாளில் எங்கள் வீட்டில் பிள்ளைகளை உள்ளே போட்டுக் கதவைச் சாத்துவார்கள். என் அப்பா சட்டையெல்லாம் நீலமாக வந்து கொல்லையில் குளிப்பார். மயில்துத்தமும் சுண்ணாம்பும் கலந்த வாசனை கிணற்றடியில் இரண்டு நாள் நிற்கும். அடித்து முடித்ததும் தோட்டத்து வாசல் கல்லில் ஒரு வேப்பங்கொப்பை ஒடித்துக் கட்டுவார்கள். வெளியூர் ஆள் பார்த்தால் அம்மனுக்குக் கட்டியிருக்கிறார்கள் என்று நினைப்பான். எங்களுக்கு, இந்தத் தோட்டத்தில் இப்போது எதையும் தொடக்கூடாது என்று அர்த்தம். கட்டினவர் அவிழ்க்கும் வரை உள்ளே யாரும் போகமாட்டார்கள். யாரும் யாரிடமும் சொல்லிக்கொள்வதும் இல்லை. கொப்பு சொல்லும்.

அந்தக் காலத்தில் எனக்கும் உன் மாமாவுக்கும் ஒரு விளையாட்டு. பந்தலுக்குக் கீழே மல்லாந்து படுத்து, இலைகளுக்கு நடுவில் தெரிகிற வானத்தைப் பங்கு போடுவோம். அவன் எனக்கு இளையவன், ஆனால் பெரிய துண்டு எப்போதும் எனக்குத்தான். "நீ காலேஜுக்குப் போறவ, ஒனக்கு எடம் நெறைய வேணும்" என்பான். காலேஜ் என்றால் என்னவென்றே இரண்டு பேருக்கும் தெரியாத வயசு. பிறகு நான் வேதியியல் படிக்கப் போனேன். அவன் படித்துவிட்டும் பந்தலுக்கே திரும்பி வந்தான். விருப்பப்பட்டு வந்தான் என்பதையும் சேர்த்து எழுதுகிறேன், யாரும் அவனைத் தியாகியாக்கிவிடக் கூடாது. இலையில் ஒரு புள்ளி விழுந்தால் அவனுக்குச் சோறு இறங்காது. அவன் சுபாவம் அப்படி.

கல்யாணமாகி அல்லிநகரத்தில் இந்த மாடி வீட்டுக்கு வந்தோம். உனக்கு மூன்று முடிந்த ஐப்பசியில் எனக்கு ஒரு ஆசை வந்தது. நீ உன் கையால் பறித்து, கழுவாமல், என்னைக் கேட்காமல் வாயில் போட்டுக்கொள்கிற மாதிரி ஏதாவது ஒன்று இந்த உலகத்தில் இருக்க வேண்டும். எதைத் தொட்டாலும் "கழுவு, கழுவு" என்று கத்துகிற அம்மாவாக இருந்து எனக்கே சலித்துப் போயிருந்தது. கைபேசியில் யாரோ ஒரு பெண் பால்கனியில் லெட்டூஸ் என்கிற சாலட் கீரை வளர்த்து, இலையைக் கிள்ளி அப்படியே தின்பதைப் பார்த்தேன். அவ்வளவுதான், பிடித்துக்கொண்டது. விதையும் வரவழைத்தாயிற்று. ஆனால் வீட்டுக்காரம்மா மொட்டைமாடியில் தொட்டி வைக்கக் கூடாது, தளத்தில் பதித்த தட்டோடு ஒழுகும் என்று வந்த அன்றே சொல்லிவிட்டார். உன் மாமாவிடம் போனில் புலம்பினேன். அவன், "தரையிலதான வைக்கக் கூடாது?" என்றான்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை சரக்கு ஆட்டோவில் வந்து இறங்கினான். தைலமரக் கம்பு நாலு, ஏலத்தோட்டத்தில் கழித்துப் போட்ட சில்வர் ஓக் பலகைகள், பந்தலுக்கு வாங்கியதில் மிஞ்சிய கம்பி, கோழிவலை, பச்சை நிழல்வலை. நாள் முழுக்க மாடியில் சுத்தியல் சத்தம். கட்டில் மாதிரி ஒரு சட்டம், அதற்குக் குறுக்கே கம்பி இழுத்து முறுக்கி, மேலே வலை விரித்து, சுற்றிலும் ஒரு முழ உயரத்துக்குப் பலகை அடித்தான். வடிகிற தண்ணீர் தரையில் விழாமல் இருக்க அடியில் ஒரு தகரத்தைச் சாய்வாகக் கட்டி வாளிக்கு வழிவிட்டான். சத்தம் கேட்டு வீட்டுக்காரம்மா மூச்சு வாங்க ஏறி வந்தார். தொட்டி வைக்கக் கூடாது என்றுதானே சொன்னேன், இது என்ன கட்டிலா மேசையா என்று கேட்டார். உன் மாமா ஆணியை வாயிலிருந்து எடுத்துவிட்டு, "மேசைதான் ஆத்தா. மேல கொஞ்சம் மண்ணு இருக்கும்" என்றான். அந்தம்மாவுக்கே சிரிப்பு வந்துவிட்டது. அன்றைக்கு அனுமதி வாங்கியது நானில்லை, அவன் வாய்.

முதலில் என் இடுப்பு உயரத்துக்கு நிற்கவைத்திருந்தான், குனிந்தால் எனக்கு முதுகு பிடிக்கும் என்று. நீ பக்கத்தில் போய் நின்று, அடியில் இருந்த தகரத்தை அண்ணாந்து பார்த்தாய். அவன் உன்னைப் பார்த்தான், மேசையைப் பார்த்தான், மறுபடியும் கவிழ்த்துப் போட்டு ரம்பத்தை எடுத்தான். உன்னை நிற்கவைத்து உன் நெஞ்சு மட்டத்தில் விரலால் கோடு போட்டு, அந்த அளவுக்கு நாலு காலையும் அறுத்துவிட்டான். என் முதுகு என்ன ஆவது என்றேன். "நீ ஸ்டூலு போட்டு உக்காருக்கா. மருமகனுக்கு எட்டணும்ல?" என்றான். இன்றுவரை அந்த மேசைக்கு முன்னால் நான் ஸ்டூல் போட்டுத்தான் உட்காருகிறேன்.

செம்மண்ணும் தென்னைநார்க் கழிவும் மண்புழு உரமும் கலந்து நிரப்பினோம். முதல் விதைப்பு மொத்தமும் போனது. மொச்சைக்கு ஊன்றுவது போல அவன் விரலால் குழி போட்டு ஊன்றிவிட்டான்; எள்ளைவிடச் சின்ன விதை, வெளிச்சம் கேட்கிற விதை, உள்ளேயே செத்தது. இரண்டாம் தரம் நான் மேலாகத் தூவி, கையால் லேசாகத் தட்டிவிட்டேன். முளைத்தது. முளைத்ததை அணில் வந்து கொறித்தது. நீ கைக்குழந்தையாக இருந்தபோது உன்மேல் கவிழ்த்து வைப்போமே, குடை மாதிரி விரிகிற கொசுவலை, அதைப் பரணிலிருந்து எடுத்து மேசைமேல் கவிழ்த்தேன். உள்ளே வரிசையாக இளம்பச்சையும் செம்பச்சையும். காலையில் அதைப் பார்க்கும்போதெல்லாம் உன்னைத் தொட்டிலில் பார்த்த நாள்தான் ஞாபகம் வரும். மலையிலிருந்து இறங்குகிற காற்றும், மார்கழிப் பனியும், கொசுவலைக்குள் நனைந்து நிற்கிற இலைகளும். என் வாழ்க்கையில் நான் பயமில்லாமல் இருந்த மாதம் எது என்று கேட்டால் அந்த மாதத்தைச் சொல்வேன்.

இலை வந்ததும் உன் மாமா கேட்டது ஒரே கேள்வி. "ஏக்கா, இது கடையுறதா, பொரிக்கிறதா?" பச்சையாகத் தின்பது என்றேன். "பச்சையாத் திங்கிறதுக்கு நம்ம வீட்ல மாடு இல்லையே" என்றான். நம்பாமல் ஒரு பிடி பறித்து, பூண்டும் வரமிளகாயும் போட்டு, பருப்போடு வேகவைத்து, மத்தை எடுத்துக் கடைந்தும் விட்டான். கொழகொழவென்று ஒரு கசப்பு. உன் அப்பா ஒரு வாய் வைத்துவிட்டு, மோர் எங்கே என்று கேட்டார். அதற்குப் பிறகு அவன் அந்த இலையைத் தொட்டதே இல்லை. மாட்டுத் தீவனம் என்றே பெயர் வைத்துவிட்டான். ஆனால் நீ தின்பதை மட்டும் பார்த்துக்கொண்டே நிற்பான். வலையைத் தூக்கி, இலை ஓரத்தைக் கிள்ளி, முயல் மாதிரி முன்பல்லால் கொறிப்பாய். வெயில் ஏறுவதற்கு முன்னால் பறித்தால் மொறுமொறுவென்று சத்தம் கேட்கும். உன்னிடம் நான் சொல்லியிருந்தேன்: இது உன் மேசை, இதில் எப்போது வேண்டுமானாலும் நீயே பறிக்கலாம், அம்மாவைக் கேட்க வேண்டாம். பெருமையாகச் சொன்னேன். ஊரெல்லாம் மருந்தாக இருந்தாலும் என் பிள்ளைக்கு ஒரு மேசை அளவுக்குச் சுத்தமான இடம் வைத்திருக்கிறேன் என்ற பெருமை.

மார்கழிக் கடைசியில் ஒரு சனிக்கிழமை. உன் பெயரில் ஒரு வேண்டுதல் இருந்தது என்று மூன்று பேரும் குச்சனூர்க் கோவிலுக்குப் போயிருந்தோம். அன்றைக்குக் கூட்டம். அந்த நேரத்தில் மாமா சந்தைக்குத் திராட்சை இறக்க வந்தவன், நம் வீட்டுக்கு வந்திருக்கிறான். வீடு பூட்டியிருக்க, வீட்டுக்காரம்மா மாடிக் கதவைத் திறந்துவிட்டிருக்கிறார். வலையைத் தூக்கிப் பார்த்தால் இலையில் மஞ்சள் புள்ளி, திருப்பிப் பார்த்தால் அடியில் வெள்ளைப் பூசணம். பனிக்காலத்தில் திராட்சைக்கு வருமே செவட்டை நோய், அதே ஜாடை. அவன் கை சும்மா இருக்குமா? நேரே உரக்கடைக்குப் போய் மயில்துத்தம் வாங்கி, பெட்டிக்கடையில் சுண்ணாம்பு வாங்கி, வாளியில் கலந்து, நான் தண்ணீர் தெளிக்க வைத்திருந்த கைத்தெளிப்பானாலேயே இலை இலையாகத் திருப்பி அடித்திருக்கிறான். மருமகன் மேசையில் நோய் விழுந்துவிட்டதே என்ற பதற்றம்தான். பச்சையாகத் தின்கிற இலை என்பது அந்த நேரத்தில் அவன் புத்தியில் வரவில்லை. புள்ளி தெரிந்தால் மருந்து, அவ்வளவுதான் அந்தக் கைக்குத் தெரியும். அடித்து முடித்து, தெருவில் இறங்கி வேம்பிலிருந்து ஒரு கொப்பு ஒடித்து, மேசைக் காலில் கட்டிவிட்டு, வண்டிக்கு நேரமாகிவிட்டது என்று போய்விட்டான். போன் செய்யவில்லை. கொப்பு கட்டியாயிற்று, அக்காவுக்குத் தெரியாததா?

நாம் திரும்பி வரும்போது உச்சிப்பொழுது தாண்டிவிட்டது. உனக்குப் பசி. நான் குக்கரை ஏற்றிக்கொண்டிருந்தேன். உன் அப்பா சட்டையை மாற்றிக்கொண்டிருந்தார். நீ வழக்கம்போல மாடிக்கு ஓடினாய். கொஞ்ச நேரம் கழித்துப் படியில் உட்கார்ந்து, "அம்மா, வாயில காசு வாசம் அடிக்குது" என்றாய். வந்து பார்ப்பதற்குள் வாந்தி எடுத்துவிட்டாய். அதில் நீலமும் பச்சையுமாக ஒரு நிறம். மேலே ஓடினேன். மேசைக் காலில் வேப்பங்கொப்பு. சாமி, அதைப் பார்த்த ஒரு நொடியில் எனக்கு எல்லாம் புரிந்துவிட்டது. நான் வளர்ந்த தோட்டத்து வாசலில் நின்ற அதே கொப்பு.

தேனியில் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகிற வழி முழுக்க உன்னை மடியில் கவிழ்த்துப் பிடித்திருந்தேன். சுண்ணாம்பு சேர்ந்தால் துத்தத்தின் வேகம் குறையும், தின்றது வாந்தியிலேயே வந்துவிடும் என்பதெல்லாம் வேதியியல் படித்தவளுக்குத் தெரியும். பெற்றவளுக்கு அன்றைக்கு ஒன்றும் தெரியவில்லை. அங்கே உடனே பார்த்தார்கள், நன்றாகப் பார்த்தார்கள். வயிற்றில் அதிகம் தங்கவில்லை, ஒரு ராத்திரி இருக்கட்டும் என்றார் டாக்டர். ஊசி போட வந்த சிஸ்டர் என் முகத்தைப் பார்த்துவிட்டு, "கீரை திங்க மாட்டேங்குதுன்னுதான் எல்லாரும் பிள்ளையக் கூட்டியாருவாக. கீரையத் தின்னுட்டு வந்த பிள்ளைய இப்பத்தான் பாக்குறேன்" என்று சிரிக்க வைக்கப் பார்த்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. நீ அதற்குள் தூங்கிவிட்டிருந்தாய்.

விளக்கு வைக்கிற நேரத்தில் உன் மாமா வந்தான். உன் அப்பா போன் செய்திருக்கிறார். வராந்தாவில் என்னைப் பார்த்ததும் அவன் வாயில் வந்த முதல் வார்த்தை, "கொப்பு கட்டிட்டுத்தானக்கா போனேன்." அவன் தப்பிக்கச் சொல்லவில்லை. எப்படி நடந்தது என்று அவனுக்கே புரியாமல் கேட்டது அது. எனக்கு அப்போது அது அப்படிக் கேட்கவில்லை. "பிள்ளைக்குத் தெரியுமாடா கொப்பு?" என்றேன். அவன் தலையைக் குனிந்தான். நான் அதோடு நிறுத்தியிருக்கலாம். "இனிமே எம்பிள்ளைக்கு ஒன் கையால எதையும் திங்கக் குடுத்துறாத" என்றேன். போகிறவர்கள் வருகிறவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். உன் அப்பா என் தோளைப் பிடித்து உள்ளே தள்ளினார். உன் கட்டிலுக்குப் பக்கத்தில்கூட வரவில்லை. கதவருகில் நின்று நீ மூச்சுவிடுவதைப் பார்த்துவிட்டுப் போனான்.

மறுநாள் நீ வீட்டுக்கு வந்து இட்லி கேட்டாய். அவ்வளவுதான் உனக்கு. எனக்கு அதிலிருந்து மீள மாதங்கள் ஆயின. மேசை மண்ணை வாரிக் கொட்டினேன். சித்திரை வெயிலில் அதன்மேல் துணி விரித்து வடகம் காயவைத்தேன். அவனோ, நான் சொன்னதை எழுத்துக்கு எழுத்துப் பிடித்துக்கொண்டான். அடுத்து வந்த பொங்கலுக்குச் சீர் கொண்டுவந்தான், கரும்பும் மஞ்சள்கொத்தும் பானையும். நீ இரண்டு கையையும் நீட்டிக்கொண்டு ஓடினாய். கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, "அம்மாட்ட வாங்கிக்க மருமகனே" என்றான். முன்னெல்லாம் வந்தால் பன்னீர் திராட்சையைத் தோலுரித்து, விதை எடுத்து, ஒவ்வொன்றாக உன் வாயில் போடுவான். நீ குருவிக்குஞ்சு மாதிரி வாயைத் திறந்துகொண்டே இருப்பாய். இப்போது பழப்பெட்டியை வாசலில் வைத்துவிட்டு, தண்ணீர்கூடக் குடிக்காமல் கிளம்பினான். நான் பார்த்துக்கொண்டு சும்மா இருந்தேன். கோபம் போய்விட்டிருந்தது, வார்த்தையைத் திரும்ப எடுக்கிற வழிதான் தெரியவில்லை. உன் காதுகுத்தை அந்த மாசியில் வைத்திருந்தோம். தாய்மாமன் மடி இல்லாமல் காது குத்த முடியாது. இந்த வருசம் வேண்டாம் என்று நானே தள்ளிப்போட்டேன்.

அடுத்த ஐப்பசிவாக்கில் ஒருநாள் நீ சாப்பிட்டுக்கொண்டே கேட்டாய்: "மாமா கீரைய நான் தின்னுட்டேன்னுதான் மாமாவுக்கு எம்மேல கோவமா?" நடந்ததற்கெல்லாம் நீ உன்னையே காரணமாக்கி, அதை மாதக்கணக்கில் உள்ளே வைத்திருந்திருக்கிறாய். எங்கள் வீட்டில் அக்கா தம்பிக்குள் மன்னிப்புக் கேட்கிற பழக்கம் கிடையாது. "சாப்பிட வா" என்றால் அதுதான் மன்னிப்பு. அப்படிப் பலதரம் கூப்பிட்டும் அவன் வேலை இருக்கிறது என்றே சொல்லியிருந்தான். அன்றைக்குப் போனை எடுத்து, "மேசைக் கால் ஆடுதுடா" என்றேன். உண்மையில் ஒரு கால் அடியில் மக்கித்தான் போயிருந்தது. "எந்தக் காலு?" என்று கேட்டான்.

வந்தான். மக்கிய காலை மாற்றினான். மற்ற மூன்றுக்கும் தார் பூசினான். நீ அவன் முதுகில் தொங்கிக்கொண்டு ஆணி எடுத்துக் கொடுத்தாய். நீ கொடுப்பதை வாங்கினான், திருப்பி எதையும் கொடுக்கவில்லை. விதை நீயே போடுடா என்று அவனிடம் சொன்னேன். "நீ தூவுக்கா, எனக்குத்தான் அந்தக் கை வரலையே" என்றான். பிறகு நானும் நீயும் தூவினோம். அந்த மார்கழியிலும் புள்ளி வந்தது. புள்ளி விழுந்த இலைகளைக் கிள்ளிப் போட்டோம், காற்றுப் போகட்டும் என்று நெருங்கி நின்ற செடிகளைப் பிடுங்கிக் கலைத்துவிட்டோம். கொஞ்சம் போனது, கொஞ்சம் நின்றது. அதைத் தின்றோம். முதல் இலையை நான் தின்று பார்த்துவிட்டுத்தான் உனக்குக் கொடுத்தேன். பயம் போய்விட்டது என்று பொய் சொல்லமாட்டேன். தை முடிவதற்குள் காதுகுத்துக்கு நாள் பார்த்து, நானே சுருளிப்பட்டிக்கு நேரில் போய் அவனை அழைத்தேன். "மடி குடுக்கணும்டா" என்றேன். "வர்றேன்க்கா" என்றான். அவ்வளவுதான் பேச்சு. எல்லாம் சரியாகிவிட்டது என்று பஸ்ஸில் வரும்போது நினைத்துக்கொண்டேன்.

மாசியில், உன் அப்பா வழிக் குலசாமி கோவிலில், ஆண்டிபட்டிக்கு அந்தப் பக்கம் கருவேலங்காட்டுக்குள் பந்தல் போட்டு உன்னை அவன் மடியில் உட்கார வைத்தோம். மொட்டைத் தலையில் சந்தனம், அவன் வாங்கிவந்த பட்டு வேட்டி. ஆசாரி ஒரு காதில் குத்தும்போது சும்மா இருந்தாய், மறு காதில் கத்தினாய். ஆசாரி, "மாமன்காரரே, பிள்ளை வாயில சீனியப் போடுங்கய்யா" என்றார். தட்டில் சீனி இருந்தது. உன் மாமா ஒரு சிட்டிகை எடுத்தான். எடுத்துத் தன் வாயில் போட்டுக்கொண்டான். போட்டுக்கொண்டு, விழுங்கி, கொஞ்சம் பொறுத்தான். நீ வாயைத் திறந்து அழுதுகொண்டிருக்கிறாய். ஆசாரி, "என்னய்யா, பிள்ளைக்குக் குடுக்கச் சொன்னா நீரு திங்கிறீரு" என்று கேட்க, கூடியிருந்தவர்களெல்லாம் சிரித்தார்கள். அவனும் லேசாகச் சிரித்தான். பிறகுதான் இன்னொரு சிட்டிகை எடுத்து உன் நாக்கில் வைத்தான். வைத்துவிட்டு என் முகத்தைப் பார்த்தான், சரிதானேக்கா என்பது போல.

தற்செயல் என்று என்னைச் சமாதானப்படுத்திக்கொண்டேன். பந்தியில் அவன் உன்னைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டான். வாழைப்பழத்தை உரித்து முனையைக் கடித்தான், பொறுத்தான், பிறகு உனக்கு. கிடாக்கறியில் ஒரு துண்டைப் பிய்த்துப் பாதியைத் தின்றான், பொறுத்தான், மீதி உனக்கு. மேசையில் கடைசியாக மிஞ்சிய இலைகளை வெங்காயம் சேர்த்து ஒரு டப்பாவில் கொண்டுபோயிருந்தேன். மாசி வெயிலில் முற்றிக் கசந்துபோயிருந்தது. நீ அதைக் கேட்டாய். மாட்டுத் தீவனம் என்று சிரித்தவன், முழு இலை ஒன்றை எடுத்து வாயில் வைத்து, முகம் சுளிக்காமல் மென்று விழுங்கினான். பொறுத்தான். அப்புறம் உனக்கு ஒன்று எடுத்துக் கொடுத்தான். பந்தியில் யாருக்கும் அது தெரியவில்லை. பிள்ளையின் பங்கைத் தின்கிற மாமன் என்று கேலிதான் பேசினார்கள். நான் அவன் எதிர் இலையில் உட்கார்ந்திருந்தேன். வேண்டாம்டா என்று சொல்ல வாய் வரவில்லை. நான் ஒரு வார்த்தை சொல்லித்தான் இந்தப் பழக்கம் வந்தது. இன்னொரு வார்த்தை சொன்னால் போய்விடும் என்று நான் நினைக்கவில்லை. அவன் அதற்கும் தலையைக் குனிந்து, சரிக்கா என்பான். அடுத்த தரம் எனக்குத் தெரியாமல் தின்று பார்த்துவிட்டுக் கொடுப்பான்.

அதனால் உன்னிடம் கேட்கிறேன். நீ வளர்ந்தபிறகும் அவன் இதை விட்டிருக்கமாட்டான் என்றே எனக்குத் தோன்றுகிறது. நீ லீவுக்கு வரும்போது பழம் உரிப்பான், முதல் சுளை அவன் வாய்க்குப் போகும். உனக்குக் கல்யாணமானால் உன் பெண்டாட்டி பார்த்துவிட்டு, உங்க மாமாவுக்கு ஏன் இந்தப் பழக்கம் என்று கேட்பாள். சிரிக்காதே. நிறுத்தச் சொல்லி அவனிடம் பேசவும் பேசாதே. அவன் எதையாவது உனக்கென்று கையில் எடுக்கிறபோது, அது அவன் வாய்க்குப் போவதற்குள் அந்தக் கையைப் பிடித்து, நீ குனிந்து, அவன் விரலிலிருந்தே தின்றுவிடு. என்ன ஏது என்று பார்க்காதே. கழுவினதா என்று கேட்காதே. நான் அங்கே இருந்தால் என்னைத் திரும்பிப் பார்க்கவும் வேண்டாம்.

அம்மா